அலைமாலைக் காட்சியும் ஒரு தெரு வழக்கும்

வெண்மையாகத் தோன்றும் ஞாயிற்றொளி பல நிறங்களின் கலப்பே என்பதை முப்பட்டைக் கண்ணாடியொன்றினால் ஆராய்ந்து, ஐசக் நியூட்டன் என்னும் பேரறிஞர் 1672-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தார்க்கு எழுதியனுப்பினார். அன்று தொட்டு, கலந்து கிடப்பதைப் பிரித்து வரிசைப்படுத்திக் காண்டல் பௌதிக சாஸ்திரத்தின் தலையாய தொழில்களுள் ஒன்றாயிற்று. நம்மைச் சூழ்ந்த வெளியிலே ரேடியோ அலைகளும் அவ்வாறே ஒன்றோடொன்று கலந்து உலவுகின்றன. செவிக்கு ஒரு காலத்து ஒரு நிலையமே புலப்படும். அதன் இருமருங்கும் நிகழ்வன யாவையென அது அறியாது. அவ்வலைகளையெல்லாம் அதிர்வெண் முறையே இடமிருந்து வலமாக நிறுத்தி, அவற்றின் வலிமையை உயரத்தினாலோ நிறத்தினாலோ கண்ணுக்குக் காட்டும் படத்தையே அலைமாலைக் காட்சி என்கின்றனர். அக்காட்சியை நுண்ணியதாகவும் உடனுக்குடனும் பெறுமாறு எங்ஙனம் என்பதையும், அதன் துணையால் எம் தெருவில் ஒரு வழக்குத் தீர்ந்த வகையையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பழைய ரேடியோப் பெட்டியில் வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கம்பிச்சுருளும் கன்டென்ஸரும் செய்தன. பெட்டி செய்த காலத்து அமைந்த குணமே அதற்கு ஆயுள் முழுதும் குணம். மென்பொருள் வானொலியோ வேறு இயல்பினது. வான்கம்பி தரும் மின்னலையை ஒரு சில்லு விநாடிதோறும் பல இலட்சம் முறை அளந்து, எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகின்றது. பிரித்தலும் வடித்தலும் ஒலியாக்கலும் அதன்பின் கணக்கினாலேயே நிகழ்வன. ஜோஸஃப் மிட்டோலா என்னும் அமெரிக்க அறிஞர் 1992-ஆம் ஆண்டில் இக்கருத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். எனினும், மாணாக்கர் போன்ற எளியோர் கைக்கு இது எட்டியது 2012-ஆம் ஆண்டிலேயாம். கணினியில் டெலிவிஷன் காண்பதற்கென விற்கப்பட்ட சிறு டாங்கிளொன்றிலிருந்த ஆர்.டி.எல். 2832 யூ என்னும் சில்லு, தான் அளந்த எண்களை அப்படியே வெளியே தரவும் வல்லது என்பதை ஆர்வலர் சிலர் அவ்வாண்டு வெளிப்படுத்தினர். ஆயிரம் பெயர் உழைத்துச் செய்யவேண்டிய கருவியொன்று மற்றொரு கருவியின் வயிற்றினுள் ஒளிந்திருந்தாற் போலாயிற்று.

எம்மிடத்துள்ளதும் அத்தகைய டாங்கிளே. மத்திய அலைகளை 125 மெகாஹெர்ட்ஸ் உயர்த்தி அதற்கு ஊட்டும் அப்கன்வெர்ட்டர் ஒன்றும், கையிலேந்தும் வளைய வான்கம்பியொன்றும், ஒரு மடிக்கணினியும் அதற்குத் துணை. விநாடிக்கு 24 இலட்சம் அளவுகளை இடைமுறிவின்றி அது தரும். ஒவ்வோர் அளவும் 8 பிட்டு உடைய இரண்டு எண்களாலாயது. ஆகவே 24 இலட்சம் ஹெர்ட்ஸ் அகலமுள்ள பரப்பு ஒரே காலத்து நம் கண்முன் விரியும். இந்தியாவில் மத்திய அலை நிலையங்களுக்குரிய இடங்கள் 531 கிலோஹெர்ட்ஸ் முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை 9 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக வகுக்கப்பட்டவை ஆதலின், அப்பரப்பு முழுதும் ஒரு படத்திலேயே அடங்கிவிடும்.

இனி, எண்களினின்று படம் பிறக்குமாறு காண்போம். எவ்வகை அலையும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டே என்னும் உண்மையை ஜோஸஃப் ஃபூரியர் என்னும் பிரெஞ்சுக் கணித சாஸ்திரி 1822-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வெப்ப நூலில் விரித்துரைத்தார். ஒரு தொகுதியில் 4096 அளவுகள் உளவெனின், அவற்றை நேர்முறையிற் பிரிக்க 4096-ஐ 4096-ஆற் பெருக்கிய அளவு, அஃதாவது ஏறக்குறைய 1 கோடியே 68 இலட்சம் பெருக்கல்கள் வேண்டும். 1965-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவு முறையால் அவ்வேலை 50,000-க்கு உட்பட்ட படிகளில் முடிந்துவிடும். இதன் சாரமான வழியை கௌஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் 1805-ஆம் ஆண்டளவிலேயே, சிறு கோள்களின் பாதையைக் கணிக்கையில், கண்டு குறித்து வைத்திருந்தார். அக்குறிப்பு அவர் மறைந்தபின் 1866-ஆம் ஆண்டில் அச்சேறியும் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்தது. இவ்விரைவு முறை இல்லையேல் இன்று மடிக்கணினியில் அலைமாலை ஓடுதல் கனவாகவே நின்றிருக்கும்.

இவ்வளவு விரைவு கைவந்தபின், எவ்வளவு நுண்மை வேண்டினும் பெறலாமன்றோ என்று கருதுதல் இயல்பு. ஆங்கேதான் இயற்கை ஒரு வேலியை நட்டிருக்கின்றது. தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பாரைக் கண்டிருப்பீர்கள். இரண்டு தந்திகள் ஏறத்தாழ ஒன்றுபட்டு, ஒரு விநாடிக்கு ஓர் அதிர்வு மட்டுமே வேறுபட்டிருப்பின், அவ்வேறுபாடு விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் அலைவாகச் செவிக்குப் புலனாகும். அவ்வலைவைக் கேட்டறிய ஒரு விநாடியேனும் காத்திருத்தல் வேண்டும். அரை விநாடியில் தந்தியை அடக்கிவிட்டால் எத்துணைக் கூரிய செவியும் அதனை அறியாது. அலைமாலைக்கும் விதி இதுவே. ஒரு ஹெர்ட்ஸ் வேறுபாட்டைப் பிரித்துக் காண ஒரு விநாடி நோக்கவேண்டும். பத்திலொரு ஹெர்ட்ஸைக் காணப் பத்து விநாடி நோக்கவேண்டும். ஹங்கேரியிற் பிறந்து இங்கிலாந்திற் பணியாற்றியவரும், பின்னர் 1971-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவருமாகிய டென்னிஸ் காபர் என்பார், காலத்தின் நுண்மையையும் அதிர்வெண்ணின் நுண்மையையும் ஒருங்கே வேண்டியவாறு குறுக்க இயலாது என்பதை 1946-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் நிறுவினார். கருவியின் குறையால் நேர்ந்த தடையன்று இது. எத்துணை விலையுயர்ந்த கணினியும் இதனைத் தாண்டாது.

இதனை மறந்து மயங்குதற்கு இடம் தரும் செய்கைகள் இரண்டுள. முதலாவது, தொகுதிகளை மேற்பொருத்தி எடுத்தல். பத்து விநாடித் தொகுதியைப் பத்து விநாடிக்கு ஒருமுறை கணியாது, விநாடிக்குப் பத்துமுறை சிறிது சிறிதாக நகர்த்திக் கணித்தால் படம் இடையறாது ஓடும். ஆயின் ஒவ்வொரு வரியும் சென்ற பத்து விநாடிகளின் கலவையே. ஒரு கணத்து நேர்ந்த மாறுதல் பத்து விநாடிக்கும் பரந்து மங்கித் தோன்றும். விரைந்து புதுப்பித்தல் வேறு, விரைந்து அறிதல் வேறு. இரண்டாவது, தொகுதியின் பின்னே சுன்னங்களைச் சேர்த்து நீட்டிக் கணித்தல். இதனால் வளைவு வழவழப்பாகும். ஆயின் முன்பு ஒன்றாகத் தோன்றிய இரண்டு அலைகள் இதனாற் பிரிந்து தோன்றா. நோக்காத நேரத்தைச் சுன்னங்களால் ஈடு செய்தல் யாங்ஙனம் கூடும்?

இவை நிற்க. எம் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தனியே வாழ்கின்றார். தெருவார் அவரை வாத்தியார் ஐயா என்று அழைப்பது வழக்கம். சில ஆண்டுகளாகக் கண்ணழுத்த நோயால் பார்வை குன்றி, எழுத்துப் படிக்க இயலாதவராயினார். அவருக்கு உலகத்தோடு உறவு இரண்டு வழியால் இருந்தது. எதிர்வீட்டில் தையற்கடை வைத்திருக்கும் இளைஞர் காலைதோறும் கடை திறக்குமுன் வந்து செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பார். மாலையில், பேட்டரியால் இயங்கும் பழைய ரேடியோ மத்திய அலையிற் பேசும். வெளிநாட்டிலிருக்கும் மகனார் இரவில் தொலைபேசியில் அழைப்பதும் உண்டு.

ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் அந்த ரேடியோவில் கீச்சென்ற சீழ்க்கையும் கரகரப்பும் புகுந்து, பேச்சு முழுதையும் விழுங்கத் தொடங்கின. அதே வாரத்தில் தையற்கடையில் புதிய எல்.ஈ.டி. விளக்குப் பலகையொன்று பொருத்தப்பட்டிருந்தது. வாத்தியார் ஐயா விளக்கின்மேற் பழி சுமத்தினார். தையற்காரரோ, இரவுவேலைக்கு அவ்வெளிச்சம் இன்றியமையாதது என்றும், ஒரு பலகை விளக்குக்கு இத்துணைத் தொலைவு சென்று ரேடியோவைக் கெடுக்கும் ஆற்றல் இல்லையென்றும் கூறினார். சொல் வளர்ந்தது, பிறர் நடுவே நின்று தூண்டினர். முடிவில் பேச்சு அற்றது. செய்தித்தாள் படிப்பதும் நின்றது. மாலைச் செய்தியும் இல்லை, காலைச் செய்தியும் இல்லை என்னும் நிலையில், அம்முதியவர் திண்ணையில் வெறிதே அமர்ந்திருப்பதைக் காண எமக்கு மனம் பொறுக்கவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு அத்திண்ணைக்குச் சென்றோம்.

சுவிட்ச் முறையில் மின்சாரத்தை மாற்றித்தரும் சிறு மின்வழங்கிகள், விளக்கிலும் சார்ஜரிலும், விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுகின்றன. வெட்டும் அதிர்வெண் எதுவோ அதன் இருமடங்கு, மும்மடங்கு எனத் தொடர்ந்து பல மடங்குகளிலும் அலைகள் கிளைக்கும். காட்சியில் அவை சீப்பின் பற்கள் போல ஒத்த இடைவெளியில் நிற்கும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலாலும், அது நேராக்கப்படும்போது விநாடிக்கு 100 துடிப்பாவதாலும், ஒவ்வொரு பல்லின் இருபுறத்தும் 100 ஹெர்ட்ஸ் தள்ளிச் சிறு பற்கள் தோன்றுவதும் உண்டு. திண்ணையில் வைத்து முதலில் பரந்த காட்சியை நோக்கினோம். ஒரு சீப்பன்று, இரண்டு சீப்புகள் புலப்பட்டன. ஒன்றன் பல்லிடைவெளி ஏறக்குறைய 60 கிலோஹெர்ட்ஸ். மற்றதன் இடைவெளி ஏறக்குறைய 65. அறுபதின் பதின்மூன்று மடங்கும், அறுபத்தைந்தின் பன்னிரண்டு மடங்கும் ஒன்றே, அஃதாவது 780. வாத்தியார் ஐயா கேட்கும் நிலையத்தின் பக்கத்தே இரண்டு சீப்பின் பற்களும் ஓரிடத்திற் சந்தித்தன.

வழக்கின் முடிச்சு இங்கேதான் இருந்தது. யாவரும் வழக்கமாக வைத்துக்கொள்ளும் 4096 அளவுத் தொகுதியில் ஒரு கட்டத்தின் அகலம் 586 ஹெர்ட்ஸ். தொகுதி பிடிக்கும் நேரம் விநாடியின் ஆயிரத்தில் 1.7 பங்கு. அக்காட்சியில் 780-இன் அருகே ஒரே ஒரு மேடு நின்றது. அம்மேட்டை மட்டும் கண்டவன் அதனை விளக்கின் குற்றம் என்றும் கூறலாம், பிறிதொன்றன் குற்றம் என்றும் கூறலாம். இரண்டுக்கும் சான்று அதுவே. ஆகவே நுண்மையைக் கூட்டவேண்டியதாயிற்று.

நுண்மையைக் கூட்டுதற்கு இரண்டு வழி. தொகுதியை 24 இலட்சம் அளவாகப் பெருக்கினால் கட்டம் ஒரு ஹெர்ட்ஸாகும். ஆயின் திரையில் அகலவாட்டில் 1920 புள்ளிகளே உள்ளன; ஒவ்வொரு புள்ளியும் 1250 கட்டங்களைத் தன்னுள் அடக்கவேண்டும். அவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கண்மூடி எடுத்துப் புள்ளியிட்டால் மெல்லிய கோடுகள் மறைந்துபோம். அனைத்தின் சராசரியை இட்டால் அவை இரைச்சலுள் மூழ்கும். மிகப் பெரியதை இட்டால் கோடு தப்பிப் பிழைக்கும், ஆயின் இரைச்சல் மட்டம் உண்மையினும் உயர்ந்து தோன்றும். எதனை இடுவது என்பது காண விரும்பும் பொருளைப் பொறுத்தது. கோடு தேடுவோர் பெரியதை இடுதலே தக்கது.

மற்றொரு வழி, வேண்டிய சிறு பகுதியை மட்டும் உருப்பெருக்கிக் காண்டல். 780 கிலோஹெர்ட்ஸைக் கணக்கினால் நடுவிடத்துக்கு நகர்த்தி, அதன் இருமருங்கும் உள்ள பிறவற்றை வடிகட்டி நீக்கி, எஞ்சிய எண்களில் 300-க்கு ஒன்றாக எடுத்துக்கொண்டால் விநாடிக்கு 8000 அளவுகளே மிஞ்சும். வடிகட்டாது எண்களை விடுத்தெடுத்தல் ஆகாது. எடுப்பின், தொலைவிலுள்ள நிலையங்களெல்லாம் மடங்கி வந்து இங்கே பொய்க்கோடுகளாக நிற்கும். முறைப்படி செய்தால் கணினியின் வேலை குறைவதோடு மற்றொரு நன்மையும் உண்டு. முழு அகலத்தில் பரவிக் கிடந்த இரைச்சலுள் 300-இல் ஒரு பங்கே உட்புகுதலின், இரைச்சல் மட்டம் ஏறக்குறைய 25 டெசிபெல் தாழ்கின்றது. 8 பிட்டுச் சில்லு தன்னளவில் 50 டெசிபெல் வேறுபாட்டையே காட்டவல்லது; இவ்வகையால் அதனினும் மெல்லிய அலைகளும் வெளிப்படும்.

அடுத்து ஒரு தடை. தொகுதியின் இரு நுனியிலும் அலையைத் திடீரென அறுத்துவிடுகின்றோம் ஆதலின், வலிய நிலையத்தின் ஆற்றல் தன் இடத்தில் நில்லாது பக்கங்களில் கசிந்து பரவும். அறுத்தபடியே விட்டால் முதற் பக்கமேடு முதன்மை மேட்டினும் 13 டெசிபெல் மட்டுமே தாழ்ந்திருக்கும். அருகிலுள்ள மெலிந்த கோடுகள் அக்கசிவினுள் மறைந்துவிடும். இதற்கு மருந்து, தொகுதியின் நடுவை உயர்த்தி நுனிகளை மெல்லத் தணிக்கும் சாளரம் என்னும் பெருக்கல். ஆஸ்திரியா நாட்டு வானிலை அறிஞர் யூலியுஸ் ஃபான் ஹான் பெயரால் வழங்கும் சாளரம் முதற் கசிவை ஏறக்குறைய 31 டெசிபெலுக்குத் தாழ்த்தும். பிளாக்மன்–ஹாரிஸ் என்னும் சாளரத்துள் நான்குறுப்புடையது 92 வரை தாழ்த்தும். எனினும் இலவசமாக எதுவும் கிட்டுவதில்லை. ஹான் சாளரத்தில் ஒரு கட்டம் ஒன்றரைக் கட்டமாகவும், மற்றதில் இரண்டு கட்டமாகவும் தடித்துவிடும். சாளரங்கள் பலவற்றையும் ஒப்புநோக்கி ஃப்ரெட்ரிக் ஹாரிஸ் 1978-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, இத்துறையில் இன்றும் பலர் எடுத்தாள்வது. நுனிகள் தணிக்கப்படுதலின் அங்கு நேரும் நிகழ்ச்சி தவறிப்போகாதபடி தொகுதிகளைப் பாதியேனும் மேற்பொருத்துதல் நன்று.

இவற்றையெல்லாம் அமைத்தபின், எத்துணை நீண்ட தொகுதி கொள்வது என்னும் வினா நின்றது. நுண்மை மிகுதல் எப்போதும் நன்மை என்பார் ஈண்டுச் சிறிது நிற்கவேண்டும். பத்து விநாடித் தொகுதி கொண்டபோது 780-இன் அருகே கோடு ஒன்றும் தெளியவில்லை. கறை படிந்தாற் போன்ற தடமே தோன்றிற்று. காரணம், இம்மின்வழங்கிகளின் அதிர்வெண் நிலையானதன்று. சூடேறுதலாலும் சுமை மாறுதலாலும் அது நகரும். அடிப்படை சிறிது நகரின் பன்னிரண்டாம் பல் அதன் பன்னிருமடங்கு நகரும். எம் கண்முன் இருந்த பல்லொன்று விநாடிக்கு ஏறத்தாழ 4 ஹெர்ட்ஸ் வீதம் ஊர்ந்துகொண்டிருந்தது. பத்து விநாடியில் அது 40 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். பின்னர்ப் பத்திலொரு ஹெர்ட்ஸ் நுண்மையால் யாது பயன்? ஓடுபவனை நெடுநேரம் திறந்த காமிராவாற் படமெடுத்தல் போன்றது அது. தொகுதியின் நேரத்தில் கோடு நகரும் அளவும், அத்தொகுதி தரும் கட்டத்தின் அகலமும் ஒத்திருக்குமாயின் கோடு மிகத் தெளிவாகும். விநாடிக்கு 4 ஹெர்ட்ஸ் நகர்வதற்கு அரை விநாடித் தொகுதி பொருந்தும்: அரை விநாடியில் நகர்வது 2 ஹெர்ட்ஸ், கட்டத்தின் அகலமும் 2 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 8000 அளவு வரும்போது அரை விநாடிக்கு 4000 அளவு. சிறு கணினிக்கும் அது பெருஞ்சுமையன்று. நான்கில் மூன்று பங்கு மேற்பொருத்தி எடுக்க, அருவிப்படத்தில் விநாடிக்கு எட்டு வரிகள் இறங்கின.

இப்போது உண்மை பிரிந்து நின்றது. ஒரு மேடாகத் தோன்றியது இரண்டு கோடுகள். அவற்றிடையே ஏறக்குறைய 150 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஒவ்வொன்றும் தன் இருமருங்கும் 100 ஹெர்ட்ஸ் தள்ளிச் சிறு கோடுகளைத் துணைகொண்டிருந்தது. ஒன்று ஓரிடத்தில் ஏறத்தாழ நிலையாக நின்றது, மற்றது ஊர்ந்தது. நிலையாக நின்றதினும் ஊர்ந்தது 20 டெசிபெல் உயரம், அஃதாவது ஆற்றலில் நூறு மடங்கு வலியது.

தையற்காரரிடம் சென்று, விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றும்படி வேண்டினோம். "வாத்தியாருக்காக என்றால் செய்கிறேன், ஆனால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டா" என்றார். விளக்கு அணைந்தது. அரை விநாடிக்குள் நிலையான கோடு மறைந்தது. ஊர்ந்த கோடு சிறிதும் அசையவில்லை. ரேடியோவின் சீழ்க்கையும் குறையவில்லை. மீண்டும் ஏற்றினார், கோடும் மீண்டது. மும்முறை செய்தும் விளைவு அதுவே. விளக்கும் ஓரளவு இரைச்சல் செய்ததென்பது மெய். பேச்சை விழுங்கியது அதுவன்று என்பதும் மெய். சண்டையிட்ட இருவருள் ஒவ்வொருவர் கூற்றிலும் ஒவ்வொரு பங்கு உண்மை இருந்தது.

பின்னர் வளைய வான்கம்பியை ஏந்தித் தெருவின் இருதலையும் நடந்தோம். ஊரும் கோடு, தையற்கடை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தது. வாத்தியார் ஐயாவின் வாயிலை அணுக அணுக ஓங்கிற்று. வீட்டினுள்ளே மெயின் சுவிட்சைத் தணிக்க, அக்கோடும் சீழ்க்கையும் ஒருங்கே மாய்ந்தன. பேட்டரியில் இயங்கிய ரேடியோ மட்டும் தெளிந்த குரலிற் பேசிக்கொண்டிருந்தது. முதியவர் வாய்திறவாது கேட்டுக்கொண்டிருந்தார். மீண்டும் மின்சாரம் விடுத்து, ஒவ்வொரு பொருளாகக் கழற்றிப் பார்த்ததில், உள்ளறைச் சுவரில் எந்நேரமும் மாட்டப்பட்டிருந்த தொலைபேசிச் சார்ஜர்தான் அது என்பது தெரிந்தது. மகனார் அனுப்பிய புதிய தொலைபேசியோடு வாங்கிய மலிவான சார்ஜர் அது. மழை தொடங்கிய அவ்வாரத்தில் வந்தது.

"தம்பி, அதைக் கழற்றினால் இரவில் பையன் கூப்பிடும்போது போன் செத்துக் கிடக்குமே" என்றார் வாத்தியார் ஐயா. ரேடியோ வேண்டுமெனின் மகனின் குரலை இழக்கவேண்டுமோ என்று அவர் அஞ்சிய அச்சம் அக்குரலில் வெளிப்பட்டது. அவ்வாறு எதனையும் இழக்கத் தேவையில்லை. உள்ளே முறையான வடிகட்டி அமைந்த வேறொரு சார்ஜர் வாங்கி மாட்டினோம். அதன் கம்பியை ஃபெரைட் வளையமொன்றினுள் பன்முறை சுற்றிவிட்டோம். மத்திய அலையில் ஒரு சுற்று போதாது. பல சுற்று வேண்டும். 65 கிலோஹெர்ட்ஸ் சீப்பு காட்சியினின்று அறவே நீங்கிற்று. தையற்கடை விளக்கின் கம்பிக்கும் அத்தகைய வளையம் ஒன்று கொடுத்தோம். அதனைப் பொருத்துவதற்குத் தையற்காரரே வந்து அளவு பார்த்தார்.

வாத்தியார் ஐயா அன்று மாலையே கோலூன்றித் தெருவைக் கடந்து கடைவாயிலில் நின்றார். அவர் யாது கூறினார் என்பதை யாம் அணுகி நின்று கேட்கவில்லை, கேட்பது முறையுமன்று. மறுநாட் காலையில் திண்ணையில் செய்தித்தாள் படிக்கும் குரல் எழுந்தது.

இந்நிகழ்ச்சியினின்று மாணவ நண்பர்கள் கொள்ளத்தக்க சில உள. நுண்ணிய காட்சி வேண்டும், உடனடிக் காட்சியும் வேண்டும் என்போர், ஒரே படத்தில் இரண்டையும் தேடி இடர்ப்பட வேண்டா. பரந்த படமொன்றும், உருப்பெருக்கிய படமொன்றும் அருகருகே ஓடட்டும். சுவிட்சை அணைத்தவுடன் நிகழ்வதைக் காணக் குறுந்தொகுதியும், அண்டை நிற்கும் இரண்டைப் பிரிக்க நெடுந்தொகுதியும் கொள்க. விநாடிக்கு 25 படம் ஓட விழைந்து மேற்பொருத்தாது கணித்தால், 25 ஹெர்ட்ஸினும் நுண்மை கிட்டாது என்பதை மனத்திற் கொள்க. எந்தப் படத்தை நோக்கும்போதும், இஃது எத்துணை நேரம் நோக்கி எழுதப்பட்டது, எச்சாளரத்தின் வழியே நோக்கப்பட்டது, ஒரு புள்ளியில் எத்தனை கட்டங்கள் அடங்கின என்னும் மூன்று வினாக்களையும் கேட்டறிக. அவற்றை அறியாதவனுக்கு அழகிய அருவிப்படமும் வெறும் வண்ணச்சேலையே.

மற்றொன்றும் கூறவேண்டும். 586 ஹெர்ட்ஸ் அகலக் கட்டத்தில் நின்ற அம்மேடு பொய்யன்று. அவ்வளவு விரைவாக நோக்குபவர்க்கு இயற்கை காட்டும் மெய்யே அது. அதனைக் கொண்டு ஒருவன்மேற் பழி சாற்றத் துணிதல்தான் தகாதது. மனிதர் வழக்குகளிலும் இரண்டு காரணங்கள் ஓரிடத்திற் சந்தித்து ஒரு மேடாய்த் தோன்றுவது அடிக்கடி நிகழ்வது. அவற்றைப் பிரித்தறியப் பெருஞ்செல்வமும் பெருங்கருவியும் வேண்டுவதில்லை. அவ்வழக்கின் இயல்பு கேட்கும் நேரத்தை அதற்குத் தரவேண்டும். மிகக் குறுகிய நேரம் நோக்கின் இரண்டும் ஒன்றாய்த் தோன்றும். மிக நெடிது நோக்கிக் காலங்கடத்தின், நகரும் பொருள் தன் தடத்தைத் தானே அழித்துவிடும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கணித்துக் கொள்ளுதலே ஆராய்ச்சியாளன் கடமை. அக்கணக்கை நம் வகுப்பறையிலேயே கற்றுக்கொள்ளலாம்.